புது வண்டியில் சிதம்பரத்துக்கு

பேர் பதிந்து இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. அறுபதுகளின் நடுவில் நான் கடலூரில் ஆயில் இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுப்பட்டில் எந்தக் கிணற்று மேட்டில் இன்ஜின் நின்றுபோனாலும் ஆள் அனுப்புவார்கள். இரும்புச் சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் போய், என்னிடம் கிரீஸ் கறை படாத வேட்டியே இல்லை என்றாகிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூரில் வண்டியைக் கொடுத்த கடையின் மெக்கானிக் நிதானமானவர். "கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான் சார். உள்ள தள்ளி மேல தூக்குனா கிக்கர். மொத ஐந்நூறு மைலுக்கு முப்பதைத் தாண்டாதீங்க. கருகுற வாசன வந்தா ஒடனே நிறுத்திடுங்க. பிஸ்டன் பிடிச்சிக்கிச்சின்னா வேல ஜாஸ்தி."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் இருந்த மாமனார் வீட்டுக்குக் கிளம்பினேன். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே சாலை நேராக ஓடியது. பஸ்ஸில் நூறு முறை போன வழிதான். ஆனால் உப்புக்காற்று முகத்தில் அடித்ததையும், ஒவ்வொரு மரநிழலும் உடம்பில் சில்லென்று பட்டு விலகியதையும் அன்றுதான் அறிந்தேன். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், வண்டி முன்னால் எழும்பிப் போனது. முப்பதில் பிடித்து வைத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

புதுச்சத்திரம் தாண்டியதும் கருகும் வாசனை வந்தது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். மனைவி இறங்கி ஓரமாக நின்றாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோலில் ஆயில் சரியாகக் கலந்திருக்கிறதா என்று முகர்ந்தேன். கிக்கரைக் கையால் அழுத்தினேன், தடையில்லாமல் இறங்கியது; பிஸ்டன் பிடிக்கவில்லை. எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய எனக்கு என் சொந்த வண்டியில் ஒன்றும் பிடிபடவில்லை.

பலாப்பழம் ஏற்றி வந்த பண்ருட்டி லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"என்னாண்ணே, புது வண்டியா?"

"வாங்கி நாலு நாளுதான் ஆவுது. கருகுற வாசன வருது."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். இன்ஜினை விட்டுவிட்டு இடப்பக்க சைலன்சரை உற்றுப் பார்த்தார். அதன் மேல் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

"அண்ணி, செருப்பைக் கொஞ்சம் காட்டுங்க," என்றார்.

மனைவி காலைத் தூக்கிக் காட்டினாள். ரப்பர் செருப்பின் குதிகால் பக்கம் பாதிதான் இருந்தது.

"சூடு தெரியலையாடி உனக்கு?" என்றேன்.

"தெரிஞ்சிது. புது வண்டின்னா இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சேன். நீங்களும் எதுவும் சொல்லலியே."

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஒரு சின்னப் பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மடியில் வைத்துக்கொண்டு மனைவி வெறுங்காலோடு ஏறினாள். வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து சிதம்பரம் கீழ வீதிக்குப் போய், முதல் வேலையாகச் செருப்பு வாங்கினோம். தோல் செருப்புதான் வேண்டும் என்றாள்.

மாமனார் வண்டியை மூன்று முறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நாலு வீதியும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா மாப்ள?" என்றார்.

போனோம். தெரிந்தவர் வீடு வரும்போதெல்லாம் என் முதுகைத் தட்டி, "இங்க கொஞ்சம் மெதுவா," என்றார். அவருக்குத் தெரியாத வீடு அந்த நாலு வீதியிலும் குறைவு. சுற்றி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாமியாரைப் பார்த்து, "நீயும் ஒரு சுத்து போயிட்டு வாயேன், நல்லா இருக்கு," என்றார்.

"எனக்கெதுக்கு இந்த வயசுல," என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார். நான் வண்டியை நிறுத்தப் போனபோது திரும்பி வந்தார். வேறு புடவை கட்டியிருந்தார்.