பலூன் வரும்வரை

என் கணவர் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது எங்கள் ஆறு வயது மகளுக்கு டீவியில் போட்டு விளையாடும் ஒரு கேம் பெட்டி கொண்டு வந்தார். அவர் திரும்பிப் போய்விட்டார், பெட்டி என் தலையில் விழுந்தது. குட்டிக் கார்களில் பந்தயம் ஓடும் விளையாட்டு. துவக்குச் சூடு இல்லை, இரத்தம் இல்லை, குடும்பத்தோடு விளையாடலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. குடும்பம் என்று வீட்டில் மிஞ்சியிருந்தது நானும் அவளும்தான்.

நான் பயந்த பிறவி. வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாது. அந்த விளையாட்டில் தெரு தண்ணீர் ஓரமாகத் திரும்பினாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். நேரே போய் விழுவேன். விழுந்தால் ஒரு பலூன் கயிற்றோடு இறங்கி வந்து காரைத் தூக்கித் திரும்பவும் தெருவில் வைக்கும், அதற்குள் மற்றவர்களெல்லாம் போய்விடுவார்கள். தப்பித் தவறி நான் முன்னுக்கு வந்தால் பின்னாலிருந்து ஒரு குண்டு தேடி வந்து அடிக்கும். எறிந்தது மகள்தான் என்று தெரியும்போது வருகிற ஆத்திரத்தில், பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்கத் தோன்றாது. ஆனாலும் "இன்னொருக்காப் போடு மனே" என்று கேட்பதும் நான்தான்.

அவளுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. வளைந்து போக வேண்டிய இடத்தில் குறுக்கே பாய்வாள்.

"விழுந்தா என்னம்மா? தூக்கும்தானே."

புறப்படும்போது ஒரு வித்தை இருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்று விளக்கு எரியும். "ரெண்டு எரியக்குள்ள அமத்தணும். அப்பதான் கார் பாயும்" என்று எனக்குச் சொல்லிக் களைத்துப் போனாள். நான் எப்போதும் முந்தி அமத்திப் புகை கக்கிக்கொண்டு நிற்பேன்.

சனிக்கிழமைகளில் பெரியகல்லாற்றில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவோம். நாங்கள் படுவான்கரையில் இருப்பதால் வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். பாதை கரையில் முட்டுவதற்கு முன்பே எல்லாரும் மோட்டார் சைக்கிளில் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள். முன்னால் கட்டியிருக்கிற சங்கிலியையும் யாராவது கழற்றிவிடுவார்கள். பயந்த பிறவியாக இருந்தாலும், பின்னால் ஹோர்ன் அடித்தால் நானும் ஸ்டார்ட் பண்ணுவேன்.

அன்றைக்கு என் ஸ்கூட்டர்தான் முதல் வரிசையில் நின்றது. மகள் வழக்கம்போல எனக்கு முன்னால், கால் வைக்கும் பலகையில் நின்றாள். கரை கிட்ட வந்தது. சங்கிலி விழுந்தது. நான் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, நழுவிய கைப்பையைத் தோளில் இழுத்துப் போட வலது கையை எடுத்தேன்.

"மூண்டு" என்றாள் மகள். "ரெண்டு."

எனக்கு விளங்குவதற்குள் அவள் கை எக்சிலேட்டரை முறுக்கிவிட்டது. ஸ்கூட்டர் பாய்ந்தது. அதன் பிறகு தண்ணீர்தான்.

கால் சேற்றில் பட்டது. எழும்பி நின்றேன், நெஞ்சளவுக்கு இருந்தது. என் நெஞ்சளவு என்றால் அவளுக்கு ஆள் மூடும். அவளைக் காணவில்லை. கலங்கிய தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன், ஸ்கூட்டர்தான் தட்டுப்பட்டது. பாதையில் நின்றவர்கள் கத்தியது எதுவும் காதில் ஏறவில்லை. பிள்ளை செத்துப்போனாள் என்றே நினைத்தேன்.

பிறகு கண்டேன். கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேலே இரண்டு சின்னக் கைகள். அடிக்கவில்லை, துடிக்கவில்லை. நேராக உயர்ந்தபடி சும்மா இருந்தன. பிடித்து இழுத்தேன். இருமினாள், தண்ணீரைக் கக்கினாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள்.

"ஏனம்மா இவ்வளவு சுணக்கம்?"

கரைக்கு எங்களை ஏற்றிவிட்டார்கள். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் சோடா உடைத்துத் தந்தார். ஒரு பெண் மகளின் தலையைத் துவட்டியபடி, "கெட்டிக்காரிகா இவ, பயப்படவே இல்ல" என்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அங்கேயே அவளை மடியில் இழுத்துப் போட்டுச் சொன்னேன்.

"பலூன் வராது மனே. வாவில ஒண்டும் வராது. நான் காணாம விட்டிருந்தா நீ இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதாள்.

பெட்டியைக் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டேன். சில கிழமை கழித்து அவளே கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். முதல் பந்தயத்தில் வழக்கம்போல அவள் முன்னுக்கு, நான் தண்ணீருக்குள். என் கார் மூழ்குவதைக் கண்டதும் முடிவுக் கோட்டுக்குக் கிட்டவே தன் காரை நிற்பாட்டினாள். மற்றக் கார்கள் அவளைக் கடந்து போயின.

"போ மனே, எல்லாரும் முந்துறாங்க" என்றேன்.

அவள் போகவில்லை. கையில் இருந்த கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பலூன் வந்தது, காரைத் தூக்கித் தெருவில் வைத்தது. அதற்குப் பிறகும் அவள் என் கையை விடவில்லை.