ஜானு வெட்டிய வடம்

குருபிரசாத் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேச மாட்டான். மனசில் இருப்பதைச் சட்டென்று சொல்லவும் மாட்டான்.

ஞாயிறு மத்தியானமானால் அவனும் மனைவி ஜானுவும் அபிராமபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கே.கே. நகருக்குக் கிளம்பிவிடுவார்கள். நண்பன் சந்திரமௌலியின் வீட்டில் விண்வெளிக் கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்த வேண்டும். சந்திரமௌலிதான் கதையை நடத்துபவன். குருபிரசாத் கப்பலின் இன்ஜினியர், ஜானு பைலட்.

அன்றைய சரக்கு, தொலைநோக்கி ஒன்றுக்கான ராட்சசக் கண்ணாடி. விண்வெளி நிலையத்தைவிடவே அகலம். எந்த வாசலிலும் நுழையாது. வடம் கட்டி, நிலையத்தை ஒட்டினாற்போல் மெல்ல இழுத்துப் போனார்கள். பாதியில் ஒரு கொக்கி கழன்றது. "நான் மாட்டறேன்" என்று குருபிரசாத் யாரையும் கேட்காமல் கண்ணாடிமேல் ஏறிவிட்டான். அடுத்த பகடை மோசமாக விழுந்தது.

"போச்சு மச்சி, சரக்கு ஸ்டேஷன் பக்கமா திரும்புது, மோதப்போகுது" என்றான் சந்திரமௌலி. "ஜானு, வடத்தை வெட்டினா சரக்கு வெளிய பறந்துடும், குருவும் அதோட போயிடுவான். இல்லன்னா இன்னொரு வாட்டி பகடை போட்டு இழுத்துப் பாக்கலாம்."

குருபிரசாத் பகடையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வெட்டிட்டேன்" என்றாள் ஜானு.

வாய்க்குக் கொண்டுபோன முறுக்கோடு சந்திரமௌலி அப்படியே உட்கார்ந்திருந்தான். "நிஜமாவா?"

"அதான் சொன்னேனே."

விளையாட்டுதான். ஆனாலும் குருபிரசாத் கையிலிருந்த பகடையை மெல்லக் கீழே வைத்தான். அவள் ஒரு கணம் யோசித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீடு திரும்பும் வழியில் பனகல் பார்க் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டான். "ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாமோன்னோ?"

"ஸ்டேஷன்ல அத்தனை பேர் இருக்கா."

"நானும் இருந்தேனே, ஜானு."

"கொக்கி மாட்டப் போறச்சே என்னைக் கேட்டேளா?" பின்னாலிருந்து குரல் நிதானமாக வந்தது. "புரமோஷனுக்காகப் புனேக்கு ரெண்டு வருஷம் போறேன்னு ஆபீஸ்ல ஒத்துண்டேளே, அதையாவது கேட்டேளா? உங்க ஆபீஸ் பரத்வாஜோட ஆத்துக்காரி கோயில்ல என் கையைப் பிடிச்சுண்டு வாழ்த்தறா. நான் முழிச்சுண்டு நின்னேன்."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அலறியது. அவனுக்கு ஆக்சிலரேட்டரைத் திருகத் தோன்றவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

"எப்போ தெரிஞ்சுது?"

"போன வாரமே."

அந்த ஒரு வாரமும் அவள் காபி கலந்து கொடுத்தாள், சிரித்துப் பேசினாள். அவனால் நம்பவே முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டினான்.

"அந்தக் கோபத்துலதான் வெட்டினியா?"

"கோபமெல்லாம் இல்லை. நீங்க இல்லாம இருக்க ஒரு வாரமா மனசைப் பழக்கிண்டிருக்கேன். அதான் தயங்கலை போலிருக்கு" என்றாள். சொல்லி முடித்ததும் அவளே திடுக்கிட்டாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் மேனேஜரிடம் போய், வீட்டில் கலந்து பேச அவகாசம் வேண்டும் என்றான். அந்த வாரம் முழுக்க இருவரும் சண்டை போட்டார்கள். பக்கத்து ஃபிளாட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்கும் அளவுக்கு. கடைசியில் புனேக்குப் பரத்வாஜ் போனான். குருபிரசாத்துக்கு அடுத்த பதவி உயர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.