புரட்டாசியில் வந்த தீர்ப்பு

நேற்று மின்ரயிலில் எதிரே இருந்த பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இறால் தொக்கு. அக்கம்பக்கத்தில் நான்கு பேர் முகம் சுளித்தார்கள். தலைகளை எண்ணினேன், என்ன செய்வது, எதையும் எண்ணுவது என் குணம். எனக்கோ தேசப்பன் நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி. கரி ரயிலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போவோம். எங்கள் பெட்டியில் பதினோரு பேர், எல்லாரும் ஒரே கல்லூரி. வெள்ளைச் சட்டையோடு ஏறிச் சாம்பல் சட்டையோடு இறங்குவோம். எங்களுக்குள் சண்டை வந்தால் பெட்டிக்குள்ளேயே பஞ்சாயத்து. தண்டனை எப்போதும் ஒன்றுதான்: சண்டை போட்ட இருவரும் மூன்று நாள் மதியச் சாப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அவனை எப்படி முறைப்பது?

தேசப்பன் பழவேற்காட்டுக் குப்பத்துப் பையன். அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கோவிந்தசாமி எங்கள் பக்கத்து ஆரணியில் (பட்டு ஆரணி அல்ல) ஒரு நெல்வயல்காரர் மகன். ஒரு நாள் தேசப்பன் பக்கத்தில் வந்து உட்கார, இவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாபா, கடலே ரயிலேறி வந்துட்ச்சா?"

இவன் கன்னத்தில் விழுந்தது ஓர் அறை. சட்டைப் பையும் கிழிந்தது. "பிரின்சிபால் கையில சொல்லாம வுட மாட்டேன்டா" என்றான் கோவிந்தசாமி. கை நீட்டியவனுக்கு அன்றைக்கே டி.சி. கொடுத்துவிடுகிற பிரின்சிபால் அவர்.

அவசரமாகத் தீர்ப்புச் சொன்னோம். கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"புரட்டாசிடா! மீனு தொட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா ஊட்டுக்குள்ளயே சேக்காது."

தீர்ப்புச் சொன்ன ஒன்பது பேரில் ஒருவருக்கும் மாதம் நினைவில்லை. தினமும் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்த எனக்கும்தான். தீர்ப்பு செல்லாவிட்டால் புகார் போகும். ரயில் மீஞ்சூரைத் தாண்டியது.

"நாளிக்கு டப்பா மாத்திக்கலாம். அப்பால பாரு" என்றான் தேசப்பன்.

மறுநாள் மதியம் கல்லூரி மரத்தடியில் கோவிந்தசாமி அந்த டப்பாவைப் பாம்புக் கூடையைப் போலத் திறந்தான். கத்திரிக்காய்க் குழம்பு. முகர்ந்து பார்த்தான்.

"சட்டி?"

"புதுசுபா. எங்கம்மா வாங்கினு வந்துது. அந்தப் புள்ள விரதம் கெடக் கூடாதுன்னுச்சி."

கோவிந்தசாமி ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாடா இவ்ளோ உப்பு?"

"எங்கம்மா கத்திரிக்கா கொழம்பு வெச்சதே இல்லடா. மீனுக்குப் போடற கணக்குல போட்டுட்ச்சி."

முதலில் சிரித்தது கோவிந்தசாமிதான். உப்போடு முழுவதையும் தின்று, டப்பாவிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தான். இரண்டாம் நாள் குழம்பில் உப்பே இல்லை, அதையும் தின்றான். மூன்றாம் நாள் முடிந்தும் பிரின்சிபால் அறைப் பக்கம் போகவில்லை. சட்டைப் பை ரயில் கதவில் மாட்டிக் கிழிந்தது என்று வீட்டில் சொல்லியிருந்தான். ஐப்பசி பிறந்த அன்று, யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, தன் டப்பாவைத் தேசப்பன் மடியில் வைத்துவிட்டு அவனுடையதைப் பிடுங்கிக்கொண்டான்.

கரி ரயில் போய்விட்டது. பேரன் படிக்கும் கல்லூரியில் மாணவர் சண்டைக்கென்று ஏழு பேர் கொண்ட குழு இருக்கிறதாம். நல்லதுதான். யார் புகார் கொடுத்தார்கள் என்பதைக் கடைசிவரை வெளியே சொல்ல மாட்டார்களாம். அப்படியானால் மதியம் யாருடைய டப்பாவை வாங்கித் திறப்பது?