சம்பந்திக்கு எந்தக் கண்ணில் கறுப்பு?

நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் ட்ரேசராக வேலை பார்த்தவர் அவர். மற்றவர்கள் போட்ட வரைபடத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து, கோடு பிசகாமல் அப்படியே நகலெடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு வளைவுகூடப் போடக் கூடாது. போட்டால் யாருடைய சமையலறையாவது பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். வேலையை விட்டு வந்த பிறகும் தெருவில் அவர் பெயர் ட்ரேசரம்மாதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அதே வாரத்தில்தான் அந்தப் பூனை வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை; இடது கண்ணைச் சுற்றி மட்டும் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு. கூப்பிடாமல் வந்தது. எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. வைத்த பாலை முகர்ந்துவிட்டு, குடிக்காமல், வீட்டிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னம்மா இது, சம்பந்தி வந்து உக்காந்த மாதிரி இருக்கு!" என்றார் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள்.

அன்றிலிருந்து அது சம்பந்தி. சம்பந்தியைப் போய் யாராவது அது இது என்பார்களா? வந்தார், போனார், கோபித்துக்கொண்டார் என்றுதான் பேச்சு. விஷயம் காதுக்குப் போனதும் மகளின் மாமியார் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னாளில் பூனைக்குப் பேரும் புகழும் வந்தபோது, "என்னை வச்சுதான் அந்தப் பேரே வச்சாங்க" என்று ஊரெல்லாம் அந்த அம்மாளே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புகழ் வந்த கதை இது. மகள் விட்டுப்போன அலமாரியில் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள் ஒரு வரிசை இருந்தன. மாங்கா என்பார்கள். பாதிக்கு மேல் பூனைகளும் அவற்றிடம் மாட்டிக்கொண்டு அல்லாடுகிற மனிதர்களும்தான். ட்ரேசரம்மா ஒன்று விடாமல் படித்தார், நாலைந்து இடத்தில் அழுதார், ஒருநாள் பேனாவை எடுத்துத் தன் வீட்டுச் சம்பந்தியை வரைய உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாகக் கைக்குள் அடக்கி வைத்திருந்த சொந்தக் கோடெல்லாம் வந்து விழுந்தது. ஆனால் அவர் பார்த்துக் கற்றுக்கொண்ட புத்தகங்கள் வலமிருந்து இடமாகப் போகிறவை. அவரும் வலது மூலையில் ஆரம்பித்து இடது மூலையில் முடித்தார். படக்கதை என்றாலே அப்படித்தான் என்பது அவர் நினைப்பு.

கணவர் அந்தப் பக்கங்களை ஒரு வார இதழில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆசிரியர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், உடனே போட்டுவிடலாம் என்றார். ஆனால் நம் வாசகர்களுக்குக் கண் இடமிருந்து வலமாகத்தானே ஓடும்? லே-அவுட்காரர் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினார். பக்கம் அப்படியே இடவலமாகத் திரும்பிக்கொண்டது. வசனத்தை மட்டும் தனியாக அடித்துச் சேர்த்தார். வேலை முடிந்தது. அன்றிலிருந்து ஆறு வருடம், வாராவாரம், அதே ஒரு தட்டு.

இப்படியாக ஊருக்குத் தெரிந்த சம்பந்திக்கு வலது கண்ணில் கறுப்பு.

அது மட்டுமா? கதையில் வரும் வீட்டுக்காரம்மாவுக்கு மச்சம் வலது கன்னத்தில். ட்ரேசரம்மாவுக்கு இடது கன்னத்தில். கதையில் அவர் இடதுகைக்காரர். இதழின் ஆண்டு விழாவில் கையெழுத்துக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் அவர் வலது கையில் பேனா பிடித்ததும் திடுக்கிட்டுப் போனார்கள். எதற்கு வம்பு என்று அவர் இடது கையாலேயே நூற்றியிருபது பேருக்குக் கிறுக்கிக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை சுவரில் கடிகாரம் வரைந்தார். காலை ஒன்பது மணி அச்சில் மூன்று மணியாகிவிட்டது. சம்பந்திக்கு மதியம் மூன்று மணிக்கா காலைச் சாப்பாடு என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கடிகாரம் வரைவதையே விட்டுவிட்டார். அதற்கப்புறம், ஐயோ பாவம், அந்த வீட்டில் மணி பார்க்கக்கூட வழியில்லையே என்று வாசகர்கள் அனுப்பி வைத்த கடிகாரங்கள் மட்டும் பதினொன்று.

"படத்த இப்படித் திருப்பிப் போடறத ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தச் சொல்லேம்மா" என்பார் கணவர்.

"விடுங்க. யாருக்கு என்ன கஷ்டம்?" என்பார் ட்ரேசரம்மா.

கஷ்டம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது வந்தது. வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. வாடை பிடிக்காமல், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறத்தை மாற்றுகிறார்களே என்றும் இருக்கலாம், சம்பந்தி எழுந்து வெளியே போனார். போனவர் திரும்பவில்லை.

இரண்டு நாள் தெருத்தெருவாகத் தேடினார்கள். மூன்றாம் நாள் ட்ரேசரம்மா சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே இருந்துவிட்டு எழுந்தார். காலியான நாற்காலியைப் பார்க்க முடியாமல் அதன் மேல் துணியைப் போட்டு மூடினார். துணி போட்ட பிறகு அது இன்னும் காலியாகத் தெரிந்தது. வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அவர் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை என்று கணவரிடம் சொன்னார். கணவருக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்லவில்லை.

ஆசிரியர் கை கொடுத்தார். "நம்ம சம்பந்தியத் தெரியாத ஆளே கிடையாதும்மா. ஒரு போட்டோ அனுப்புங்க, அரைப் பக்கம் போட்டுடறேன். ஊரே தேடும்."

ட்ரேசரம்மா இருப்பதிலேயே தெளிவான போட்டோவாக அனுப்பினார். கூடவே எழுதினார்: வெள்ளைப் பூனை, இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

லே-அவுட்காரரைக் குறை சொல்லக் கூடாது. கடமை தவறாத மனிதர். ட்ரேசரம்மாவிடமிருந்து எது வந்தாலும் திருப்ப வேண்டும் என்பது ஆறு வருடப் பழக்கம். திருப்பினார். திருப்பிவிட்டுப் பார்த்தால், எழுதியிருப்பது இடது கண், படத்தில் இருப்பது வலது கண். பாவம், பூனை தொலைந்த பதற்றத்தில் அந்த அம்மா தப்பாக எழுதிவிட்டார் என்று இரக்கப்பட்டு, அதையும் வலது என்று திருத்தினார்.

இதழ் வந்த அன்று மாலைக்குள் வீட்டு வாசலில் வலது கண்ணில் கறுப்புள்ள பூனைகள் நான்கு வந்து சேர்ந்தன. ஐந்தாவதாக வந்தது முழு வெள்ளை. ஷூ பாலிஷ் இன்னும் காயவில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொலைபேசிதான் ஆளைக் கொன்றது.

"அம்மா, நீங்க கவலையே படாதீங்க" என்று பேசினார் ஒரு வாசகி. "அச்சு அசல் நம்ம சம்பந்தி மாதிரியே ஒண்ணு எங்க மாடிக்கு வந்துச்சு. நடை, பார்வை எல்லாம் அப்படியே. நான் ஏமாறுவேனா? இடது கண்ணுல கறுப்பு! நல்லா விரட்டி விட்டுட்டேன்."

"எந்தப் பக்கமா போனாரு?" என்று கேட்டார் ட்ரேசரம்மா.

"அது எதுக்கும்மா உங்களுக்கு? அதுதான் டூப்ளிகேட்டாச்சே."

இப்படி ஒன்றல்ல, ஆறு பேர். அன்பு மேலிட்டு ஆறு பேரும் அவருடைய பூனையை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு விரட்டிக்கொண்டே போனார்கள். கணவர் தானே நோட்டீஸ் அடித்து, சரியான கண்ணைப் போட்டு, கம்பம் கம்பமாக ஒட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் யாரோ சிவப்பு மையால் இடது என்பதை அடித்து வலது என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் 'கவனம் தேவை' என்று ஓர் அறிவுரை வேறு.

ட்ரேசரம்மா ஆசிரியரிடம் ஓடினார். அடுத்த இதழில் உண்மையைப் போடுங்கள் என்று கெஞ்சினார். ஆசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆறு வருசமா வலது கண்ணுன்னு காட்டிட்டு இப்ப இடதுன்னா, வாசகருங்க நம்மள என்னம்மா நெனைப்பாங்க? பொய் சொல்லிட்டோம்னு ஆயிடாது? வேணும்னா, பூனை கெடைச்சதும் அதுக்கு..."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. விடுங்க" என்றார் ஆசிரியர்.

பத்தொன்பதாம் நாள் காலை, மூன்று தெரு தள்ளியிருந்த சலூனிலிருந்து அழைப்பு வந்தது. சலூன்காரருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அம்மா, நான் குடிக்கிறவன் இல்லை. அத மொதல்லயே சொல்லிடறேன். உங்க சம்பந்தி எங்க கடைல இருக்காரு."

"பாத்தீங்களா? நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரும்மா. ஆனா கண்ணாடிக்குள்ள இருக்காரு. வெளிய வரமாட்டேங்கறாரு."

வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். ட்ரேசரம்மாவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சிறிய கடை. ஒரு நாற்காலியில் பாதி முகம் மழித்த வாடிக்கையாளர். இன்னொரு நாற்காலியில், நல்ல நாற்காலியில், சம்பந்தி. கொஞ்சம் இளைத்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல், பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தார்.

"இவருதாங்க!" என்று ட்ரேசரம்மா கையை நீட்டினார்.

சலூன்காரர் குறுக்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சீப்பு செருகிய துண்டு. "இது இல்லம்மா. உங்களுது அங்க உள்ள இருக்கறது. பாருங்க, வலது கண்ணு. அத எப்படி எடுக்கறதுன்னு பாருங்க, நான் தடுக்கல. இது என் சகலை."

"சகலையா?"

"பேரு வச்சிருக்கேன். சம்பந்திக்கு ஏதோ ஒறவா இருக்கும்னு தோணிச்சு. எல்லாரும் வெரட்டி விட்டு, நனைஞ்சு போய் வந்தாரு." அவர் பூனையின் முதுகைத் தடவினார். "இருபது வருசமா நான் எல்லார்கிட்டயும் கண்ணாடியப் பாத்துதான் பேசறேன். அவங்களும் கண்ணாடியப் பாத்துதான் பதில் சொல்லுவாங்க. நேரா என் மூஞ்சியப் பாத்த ஒரே ஆளு இவருதாம்மா. இவர எப்படிக் குடுப்பேன்?"

ட்ரேசரம்மா ஆறு வருடக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னார்: வலமிருந்து இடம், ஒரு தட்டு, திரும்பிய பக்கம். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே பாதி நுரையோடு தலையாட்டினார். சலூன்காரர் அசையவில்லை. இதழ்களை எல்லாம் சேர்த்துத் தைத்து வைத்திருந்த கட்டைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"நான் சொல்லலம்மா, இது சொல்லுது. அதுல மச்சம் இந்தக் கன்னத்துல. உங்களுக்கு அந்தக் கன்னத்துல. நீங்க நீங்கதானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

"அவருக்கு வலது காதுல சின்னதா ஒரு கிழிசல் இருக்கும்."

"அது எட்டாவது வாரம் வந்துச்சு. அதுல இடது காது."

"தூங்கறப்ப நாக்க உள்ள இழுக்க மறந்துடுவாரு."

"அட்டைப் படமே அதுதானே."

"குழாய்ல சொட்டற தண்ணியத்தான் குடிப்பாரு. பாத்திரத்துல வச்சா கோவம் வரும்."

"அது ரெண்டு வாரத் தொடரா வந்துச்சும்மா. நான் சிரிச்சு சிரிச்சு ஒருத்தருக்கு மீசைய எடுத்துட்டேன்."

சம்பந்தியைப் பற்றி ட்ரேசரம்மாவுக்குத் தெரிந்த அத்தனையும் ஊருக்கே தெரியும். ஒன்று விடாமல் வரைந்து கொடுத்துவிட்டார். தனக்கென்று ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை. அருகில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பத்தொன்பது நாள் அடக்கியது பொங்கி வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அந்நியர்கள் நடுவில், வெட்கத்தை விட்டு அழுதார்.

நக்குவது நின்றது. சம்பந்தி தலையைத் தூக்கினார். பெரிய தொந்தரவாகப் போய்விட்டது என்கிற முகத்தோடு இறங்கி, ஸ்டூல் பக்கம் வந்து, பின்னங்காலில் எழும்பி, ட்ரேசரம்மாவின் முழங்கையை நறுக்கென்று கடித்தார். வலிக்காத கடி. கடித்துவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ட்ரேசரம்மா அழுகையினூடே சிரித்தார். "எப்பவும் இதே வேலை. அழுதா புடிக்காது இவருக்கு."

சலூன்காரர் இதழ்க் கட்டைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். ஆறு வருடத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"இது எந்த வாரமும் வரலையே!"

"நான் அழறத நான் வரைஞ்சதே இல்லீங்க."

சலூன்காரர் அவர்களுக்கு எதிரே வந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, இருவர் முகத்தையும் நேராகப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. இத மட்டும் வரைஞ்சுடாதீங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

ட்ரேசரம்மா வரையவில்லை. முடி வெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணியில் சுற்றிச் சம்பந்தியை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அடுத்த வாரமே தொடர் மறுபடி ஆரம்பித்தது. வலது கண், இடது கை எல்லாம் பழையபடிதான். மாதம் இரண்டு முறை அவர் சம்பந்தியைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் போகிறார். அங்கே அரை நாள் சம்பந்திக்குப் பெயர் சகலை. அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கணவர் கேட்டால்கூட ட்ரேசரம்மா சொல்வதில்லை.