சாம்பார் அண்டாவும் பூஸ்டர் பிரேக்கும்

பெருங்காய வாசனை

பிரேக் வேலைக்கு வரும் வண்டிகளுக்கென்று சில வாசனைகள் உண்டு. லைனிங் எரிந்தால் ஒன்று, ஆயில் ஒழுகினால் இன்னொன்று. என் தொழிலில் பாதி வேலையை மூக்கை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் பெருங்காய வாசனையோடு என்னிடம் வந்த கார் ஒன்றே ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஹோசூர் ரோடு பக்கம் அடுகோடியில் நானும் பாபு பாயும் கூட்டாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தினோம். இன்ஜின் அவர் பக்கம், பிரேக் என் பக்கம். ஒரு மதியம் பழைய பெட்டிக் கார் ஒன்று வந்து, எங்கள் வாசல் கல்லை லேசாக இடித்துவிட்டுத்தான் நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு அக்கா இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் இறங்கினார். முழங்காலுக்குக் கீழே அவருடைய பேண்ட் முழுக்க மஞ்சள். பாக்கெட் ஓரத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எம்பேரு யசோதரா. இவரு என் வீட்டுக்காரரு, மணி. அண்டா புடிக்கிற டூட்டி," என்றார் அக்கா.

பாபு பாய் மேலும் கீழும் பார்த்தார். "சர்வீஸு வண்டிக்கா, அண்ணனுக்கா?"

"ரெண்டுக்கும் சேத்தே போடு பாய். எனக்கு வாட்டர் வாஷ் போதும்," என்றார் மணி அண்ணன்.

அக்காவுக்கு ஜீவனஹள்ளியில் வீடு. அங்கே ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு சமைத்து, ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரிக்குத் தினமும் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறார். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். சோறும் பொரியலும் டிக்கியில் ஒழுங்காக இருந்துவிடும். சாம்பார் மட்டும் பெரிய அண்டாவில், பின் சீட்டின்மேல். பக்கத்தில் மடியில் துண்டை விரித்துக்கொண்டு மணி அண்ணன். அந்த மாதம் இரண்டு முறை சாம்பார் கொட்டிவிட்டது. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக கேன்டீன் மேனேஜர் சொல்லிவிட்டாராம். அப்படி ஆனால் அக்காவோடு சேர்த்து ஆறு வீட்டில் அடுப்பு அணையும்.

"வண்டி நிக்க மாட்டேங்குதுப்பா. எகிறி மிதிச்சாதான் நிக்குது. எகிறி மிதிச்சா சாம்பார் கெளம்புது. மெதுவா மிதிச்சா முன்னாடி போறவன் மேல ஏறுது. நான் இன்னாதான் செய்யறது, நீயே சொல்லு."

முழு விஷயமும் இந்தப் பேச்சிலேயே இருந்தது. நான் கேட்டுக்கொண்டது முதல் வரியை மட்டும்தான்: வண்டி நிற்கவில்லை.

கோணிப்பையில் இருந்த ஆசை

நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. அந்த மாதிரி வண்டியில் மிதிக்கிறவர் கால் பலம்தான் பிரேக்கின் பலம். கழற்றிப் பார்த்தேன். முன் வலது வீல் சிலிண்டர் பாதி இறுகிப் போயிருந்தது. லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. டிரம்முக்கு ஒரு கடைசல் தேவை. பழுது என்றால் அவ்வளவுதான்.

ஆனால் என்னிடம் ஒரு கோணிப்பை இருந்தது. அடிபட்டு நொறுங்கிய ஒரு புது மாடல் வண்டியிலிருந்து வந்த முன் டிஸ்க் பிரேக் செட்டும் பூஸ்டரும் அதற்குள் இருந்தன. குஜரிக் கடைக்காரன் பழைய இரும்போடு சேர்த்து உடைப்பதற்குள் ஓடிப்போய் வாங்கியது. நாலு மாதமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, பொருந்துகிற வண்டி வருமா என்று காத்திருந்தேன்.

பாபு பாய்க்கு இது தெரியும். "சேகரு, உங்கிட்ட மருந்து இருக்கு. அதுக்கு ஒரு நோயாளியத் தேடிட்டு இருக்கே. இருக்கிறத ரிப்பேர் பண்ணிக் குடு, சாகு, அது போதும்."

"எத்தனை நாளைக்கு பாய்? ஹோசூர் ரோடுல இப்ப ஓடற பஸ்ஸு, லாரியெல்லாம் பாத்தீங்களா? இந்த டிரம்ம வச்சிக்கிட்டு அக்கா எப்படி ஓட்டறது?"

அக்காவிடம் இரண்டு வழியையும் சொன்னேன். நியாயமாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். ஒன்றைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கியதையும், இன்னொன்றைச் சொல்லும்போது கை தானாகக் கோணிப்பை பக்கம் போனதையும் பாய் பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டினார். "எது நல்லா நிக்குமோ அதப் போடு," என்றார் அக்கா.

ஞாயிறு அன்று ஃபேக்டரிக்கு லீவு. சனிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு மாலைக்குள் வேலையை முடித்தேன். பிரேக் குழாயில் இருந்த ஏர் எடுத்து, பெடல் பார்த்து, பாயைப் பக்கத்தில் உட்காரவைத்து கோரமங்களா பக்கம் ஓட்டிப்போனேன். காலியான ரோடு, காலியான வண்டி. ஐம்பதில் போய் ஒரு மிதி. அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது.

"நின்னுச்சு பாத்தீங்களா பாய்!"

"வண்டி நின்னுச்சு," என்றார் பாய், குனிந்து காலடியில் எதையோ தேடிக்கொண்டே. "என் தொப்பி நிக்கல."

நான் சிரித்தேன். அந்தத் தொப்பி எனக்கு என்ன சொன்னது என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை

மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டிக் கார் வந்தது. இந்த முறை வாசல் கல்லை இடிக்கவில்லை. இரண்டடி முன்னாலேயே நறுக்கென்று நின்றது. உள்ளே பார்த்தேன். முன் கண்ணாடி, ஸ்டீரிங், கூரை எல்லாம் சாம்பார். டேஷ்போர்டில் பசை போட்டு ஒட்டியிருந்த சின்ன புத்தர் சிலை மட்டும், தோளில் ஒரு கறிவேப்பிலையோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மணி அண்ணன் இறங்கினார். புறங்கையில் சிவப்பாக ஒரு தடம். மற்றபடி துண்டு காப்பாற்றியிருந்தது. "அண்டாவ நான் புடிச்சிட்டேன் தம்பி. அண்டாக்குள்ள இருந்தத யாரு புடிக்கிறது?"

பொம்மனஹள்ளி தாண்டும்போது சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் திடீரென்று குறுக்கே வந்திருக்கிறது. ஒன்பது வருடப் பழக்கத்தில் அக்கா எகிறி மிதித்திருக்கிறார். ஸ்கூட்டருக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. சாம்பார் நிற்கவில்லை.

"ஸ்கூட்டர்காரன் பொழச்சான்," என்றார் அக்கா. "பழைய பிரேக்கா இருந்தா நான் இந்நேரம் ஸ்டேஷன்ல ஒக்காந்திருப்பேன். அதனால உன்ன திட்ட முடியல. சாம்பார நெனச்சா திட்டாமலும் இருக்க முடியல. எத மொதல்ல ஆரம்பிக்கறது, நீயே சொல்லு."

துடைக்க ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன். "ஃபேக்டரில என்னக்கா சொன்னாங்க?"

ரசத்தையும் தயிரையும் ஊறுகாயையும் வைத்து அன்றைக்கு ஒப்பேற்றியிருக்கிறார். மேனேஜர் கன்னடக்காரர், நல்ல மனிதர். "நோடி அம்மா, இவத்து, அதான் இன்னிக்கு, ஒரு நாள் ரசத்துல ஓட்டிட்டோம். நாளைக்கும் சாம்பார் வரலேன்னா ஒர்க்கருங்க என்னைத்தான் பெசஞ்சி சாப்பிடுவாங்க. நாளைக்குப் பாத்துட்டு நான் வேற ஆளுக்குச் சொல்லிடுவேன்," என்றாராம்.

ஆக, கையில் இருந்தது செவ்வாய்க்கிழமை ஒன்றுதான்.

நான் அண்டா பிடித்த கதை

"எல்லாத்தையும் கழட்டிட்டு பழையதையே ரிப்பேர் பண்ணி மாட்டிடறேன்க்கா," என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

பாபு பாய் அதை வாங்கிக் கீழே வைத்தார். "கழட்டறது அப்பறம். மொதல்ல நீ ஒரு தடவ அண்டா புடி."

வண்டியைக் கழுவி, அண்டாவில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, அதே பின் சீட்டில் வைத்தோம். பக்கத்தில் நான். முன் சீட்டில் மணி அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்தார். "கல்யாணமான நாள்ல இருந்து பின்னாடிதான். இங்கேர்ந்து பாத்தா ஊரு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

முதல் தெரு முனையிலேயே நான் நனைந்துவிட்டேன். இரண்டாவது முனையில் பனியன் வரை. எத்தனையோ வண்டிக்கு பிரேக் பார்த்தவன் நான். ஆனால் என் கையால் செய்த பிரேக்கைப் பின் சீட்டிலிருந்து வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான். அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிற விஷயங்கள் மூன்று இருந்தன.

அக்காவின் கால் முதலாவது. பழைய வண்டிக்குத் தொடை பலத்தோடு முழுக்காலையும் தூக்கி மிதிக்க வேண்டும். பூஸ்டருக்கு அது வேண்டாம். குதிகால் தரையில் இருக்க, விரலால் அழுத்தினால் போதும். இதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. வண்டிக்கு பிரேக்கை மாற்றினேன், காலுக்கு எதையும் மாற்றவில்லை.

இரண்டாவது என் குற்றம். முன்னால் டிஸ்க் போட்ட பெருமையில் பின் டிரம்களைத் தொடாமல் விட்டிருந்தேன். பிடிப்பெல்லாம் முன்னாலேயே விழுந்ததால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

மூன்றாவது அந்த அண்டா. சரிவான சீட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்த, வாய் அகன்ற, தட்டு போட்டு மூடிய அண்டா. உலகத்தில் எந்த பிரேக்கைப் போட்டாலும் அது கொட்டத்தான் செய்யும்.

மறுபடி மறுபடி சுற்றினோம். "அழுத்தி நிக்கப்போற நேரத்துல லேசா விடுங்கக்கா, கடைசி உதறல் வராது," என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். எட்டாவது சுற்றில் அடுகோடி சிக்னலில் வண்டி நின்றது. தண்ணீர் அண்டாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போனது. அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஆக்சிலேட்டருக்குக் குடுக்கற மரியாதைய பிரேக்குக்கும் குடுக்கணும், அவ்ளோதானே? இத சனிக்கிழமையே சொல்லியிருந்தா எனக்கு ஒரு அண்டா சாம்பார் மிச்சம்."

இந்த வாக்கியத்தை அப்புறம் ஒர்க்‌ஷாப் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன், கடைசிப் பாதியை விட்டுவிட்டு.

திரும்பி வந்ததும் ஈரச் சட்டையோடு மறுபடி கேட்டேன். "பூஸ்டரையும் டிஸ்கையும் கழட்டிடவாக்கா?"

அக்கா காருக்குள் குனிந்தார். புத்தர் தோளில் இன்னும் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை எடுத்து வெளியே போட்டார்.

"கழட்டாத. அந்த ஸ்கூட்டர்ல முன்னாடி ஒரு கொழந்த நின்னுக்கிட்டு வந்துச்சு."

வேலையைப் பார்த்தோம். பின் டிரம் இரண்டையும் கடைந்து, புது பிரேக் ஷூ போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் பிடிப்பைச் சமமாக்கினேன். பாய் பின் சீட்டைக் கழற்றித் தரையோடு தரையாக ஒரு பலகையை போல்ட் போட்டார். பக்கத்துத் தெரு பால்காரரிடம் கிளிப் மூடி வைத்த பெரிய கேன் இரண்டு வாங்கி வந்து, பலகையில் நிறுத்தி, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினோம். சாம்பார் இரண்டாகப் பிரிந்தால் அதன் குதியாட்டமும் பாதியாகிவிடும்.

மணி அண்ணன் காலியான பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப என் டூட்டி?"

"முன்னாடி ஒக்காந்து வழி சொல்லு," என்றார் அக்கா.

"ஒம்போது வருசமா வழி தெரியாமலா ஓட்டினே?"

"தெரிஞ்சுதான் ஓட்டினேன். இனிமே நீ சொல்லி ஓட்டறேன். ப்ரமோஷன்னு வச்சிக்கோ."

பாய் ஒரு போடு போட்டார்: "அண்ணே, நாளைக்கு உங்களுக்கு தில் இருந்தா வெள்ளை பேண்ட் போட்டுட்டு வாங்க பாக்கலாம்."

வெள்ளை பேண்ட்

செவ்வாய் காலை என் ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனேன். கூப்பிட்டு யாரும் போகச் சொல்லவில்லை, ஒர்க்‌ஷாப்பில் இருப்புக்கொள்ளவில்லை. மணி அண்ணன் நிஜமாகவே வெள்ளை பேண்ட்டில் முன் சீட்டில் இருந்தார். பொம்மனஹள்ளியில் ஒரு பஸ் அக்காவை இடதுபக்கம் ஒதுக்கியது. காரின் பின்விளக்கு எரிந்தது, வண்டி அமிழ்ந்து, மெதுவாக நின்றது. ஜன்னல் வழியாக அக்காவின் கை மட்டும் வெளியே வந்து, பஸ் டிரைவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசியது. அப்புறம் போய்க்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு இருபதுக்கு ஃபேக்டரி வாசல். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேனின் கிளிப்பை அக்கா எடுத்தார். சாம்பார் கழுத்து வரை, ஊற்றின மாதிரியே இருந்தது. மேனேஜர் முதலில் கேனைப் பார்த்தார், பிறகு மணி அண்ணனின் பேண்ட்டைப் பார்த்தார். "பேண்ட்டே சொல்லுது அம்மா. உள்ள எடுத்துட்டு வாங்க," என்றார். அதற்கப்புறம் பல வருடம் அந்த வாசலில் யசோதரா அக்காவின் வண்டிதான் நின்றது.

இப்போதும் பையன்கள் புதுக் காரோடு வந்து, பெரிய டிஸ்க் போடலாமா, பின்னாலும் டிஸ்க் மாற்றலாமா என்று கேட்கிறார்கள். நான் உடனே ஆமாம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. தினமும் பின்னால் யார் உட்காருகிறார்கள், என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்பேன். அந்தச் சுமையோடு ஓட்டச் சொல்லி நான் பின்னால் உட்காருவேன். பத்துக்கு ஏழு வண்டிக்கு நல்ல டயர், புது பிரேக் ஆயில், ஒழுங்காகச் செட் செய்த ஷூ போதும் என்று இறங்கும்போதே தெரிந்துவிடும். மீதி மூன்றுக்கு மாற்றத்தான் வேண்டும். அப்போது வண்டியோடு ஓட்டுகிறவர் காலையும் சேர்த்து மாற்றிக் கொடுப்பேன். பின் சீட்டில் உட்காராமல் பிரேக் வேலை ஒத்துக்கொள்வதில்லை. கோணிப்பையில் என்ன இருக்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் முதலில் சொல்வதும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பும் வழியில் அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்கள். மணி அண்ணன் வாசலில் இப்படியும் அப்படியும் நடந்து, பாபு பாய்க்கு வெள்ளை பேண்ட்டைக் காட்டினார். பாய் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வலது முழங்காலில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அரே! இது இன்னாது அண்ணே?"

"அது பிரேக்குல சேராது பாய்," என்றார் மணி அண்ணன். "மேனேஜர் ஒக்கார வச்சு சாப்பாடு போட்டாரு. அப்ப நானே ஊத்திக்கிட்டது."