வினிபிரட் செய்யும் ஒலிப்பெட்டிகள்

வினிபிரட்டுக்குக் காது கேட்காது. முப்பது வயதை எட்டும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது உயிர் மிஞ்சியிருந்தது, கேட்கும் திறன் போயிருந்தது. பேச்சு போகவில்லை. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டு, சற்று உரத்த குரலில் பதில் சொல்வாள். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவர்களுடையது. அதற்கப்பால் கடல்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

கணவர் ஏர்னெஸ்ட் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் மடியில் ஒரு சிவப்பு எலெக்ரிக் கிற்றார் இருக்கும். கொழும்பில் கலைந்துபோன ஏதோ ஒரு இசைக்குழுவிடம் வாங்கியது. கடைகளில் கிற்றார்க் கம்பி கிடைக்காமற் போன காலத்தில் அவர் பழைய கம்பிகளைச் சுருட்டித் தண்ணீரில் அவிப்பார். ஒருநாள் குசினியில் பானை மூடியைத் திறந்த வினிபிரட் திகைத்துப்போனாள்.

"என்னப்பா இது? கம்பியை அவிக்கிறியள்?"

"அழுக்குப் பிடிச்சுச் சத்தம் செத்துப்போச்சு வினி. கொதிக்க விட்டால் திரும்பவும் கிண்ணெண்டு வரும்."

"அப்ப நான் இடியப்பத்தை எதுக்கை அவிக்கிறது?"

இருவரும் சிரித்தார்கள். அவர் வாசிப்பதை அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் வாசிக்கும்போது பக்கத்தில் வந்து இருந்ததும் இல்லை. அசைகிற விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வேதனையாக இருந்திருக்க வேண்டும்.

போன வருடம் ஏர்னெஸ்டுக்குப் பெரிய ஒலிப்பெட்டி ஒன்று செய்யும் ஆசை பிடித்தது. இணுவிலில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற கஜீபனிடம் சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினார். பிளைவூட் பலகையை அறுத்து, ஒட்டி, ஆணி முறுக்கி, இடுப்பளவு உயரத்தில் பெட்டியைச் செய்து குசினிக்கு அடுத்த விறாந்தையில் வைத்தார். மெல்லிய கம்பிகள் நன்றாகத்தான் பேசின. ஆகத் தடித்த கம்பியைத் தட்டினால் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு அருவருப்பான சத்தம் வந்தது. ஆணிகளை இறுக்கினார். மூலைகளில் பசை ஊற்றினார். ஸ்பீக்கரைக் கழற்றித் திரும்பவும் பூட்டினார். கரகரப்பு போகவில்லை. எங்கிருந்து வருகிறதென்றும் பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வினிபிரட் வறுத்த அரிசிமாவை அரித்துக்கொண்டிருந்தாள். அரிதட்டில் சலிபடாமல் மிஞ்சிய குறுணிக் கப்பியை வைக்க இடமில்லாமல், கைக்கெட்டிய பெட்டியின் மேல் கொட்டிப் பரப்பிவிட்டாள். அதைக் கவனியாத ஏர்னெஸ்ட் தடித்த கம்பியைத் தட்டினார்.

கப்பி துள்ளியது.

வினிபிரட்டின் கை அப்படியே நின்றது. நடுப்பலகையில் கிடந்த குறுணிகள் உயிர் வந்ததுபோலக் குதித்து நகர்ந்தன. ஓரங்களுக்கு ஓடி, வளைந்த கோடாகத் திரண்டு, அங்கே அடங்கி நின்றன. நடுவில் வெறும் பலகை தெரிந்தது.

"இஞ்சருங்கோ! திரும்ப அடியுங்கோ!"

அவர் அடுத்த கம்பியைத் தட்டினார். கோடு குலைந்து, குறுணிகள் வேறொரு வடிவத்துக்குப் போயின. இன்னொரு கம்பி, இன்னொரு வடிவம். ஏர்னெஸ்ட் கிற்றாரோடு எழும்பி வந்து பார்த்தார். தான் இவ்வளவு காலமும் வாசித்ததற்கு ஒரு உருவம் இருந்ததென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணால் நீர் வழிந்தது.

பிறகு தடித்த கம்பியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். கப்பி விலகி ஓடிய அந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

ஏர்னெஸ்ட் துள்ளி விழுந்தார். "வினி! கரகரப்பு நிண்டிட்டுது!"

கையை எடுத்தாள். அவர் முகம் சுளித்தது. திரும்ப வைத்தாள். முகம் மலர்ந்தது.

"இந்த இடந்தான் ஆடுது," என்றாள். "உள்ளுக்கை ஒரு மரச்சட்டம் குறுக்காலை போடுங்கோ. சட்டைக்கு நாங்கள் உள்ளாலை துணி வைச்சுத் தைக்கிறமெல்லே, அது மாதிரி."

அன்றிரவே சட்டம் போட்டாயிற்று. அடுத்த நாள் ஏர்னெஸ்ட் வாசித்தபோது என் வீட்டு அலுமாரிக் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. சத்தம் பெரிதென்று சொல்லமாட்டேன். நிலத்துக்கடியிலிருந்து ஏறி வந்ததுபோல ஆழமாக, சுத்தமாக இருந்தது. நான் வேலியடிக்குப் போய், அது ஓயும்வரை நின்றேன்.

அடுத்த பெட்டியை அவளே செய்தாள். பலகையின் ஓரங்கள் தையல் போலப் பிசகாமல் பொருந்தின. அதைக் கேட்க வந்த கஜீபன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, உள்ளுக்கு என்ன வைச்சனீங்கள்?"

"சட்டம்தான் தம்பி. எங்கை வைக்கிறதெண்டு கப்பியைக் கேட்டனான்."

அவள் கப்பியைத் தூவிக் காட்டினாள். கஜீபன் குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, "என்ரை பெட்டியளையும் ஒருக்காப் பாருங்கோ அக்கா," என்றான். இப்போது அவனுடைய லொறி அடிக்கடி எங்கள் ஒழுங்கைக்கு வருகிறது. தையல் மெசினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெட்டி பாதி வேலையில் நிற்கும்.

இந்த வருடம் பங்குனியில் நிவேதனா என்ற ஆசிரியை வந்தார். காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர். "பிள்ளையள் ஏறி இருக்கக்கூடியதா ஒரு பெட்டி செய்ய ஏலுமே?" என்று கேட்டார். வினிபிரட் உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்து, நிலத்தில் வைத்து, தானே ஏறி இருந்து பார்த்தாள்.

"இதுக்குச் சட்டம் போடக்கூடாது," என்றாள். "இது நல்லா ஆடவேணும்."

பலர் உட்காரும் மர வாங்கில் போலத் தாழ்வாக, நீளமாக அதைச் செய்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அன்று நானும் உதவிக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக ஏறி இருந்தார்கள். ஏர்னெஸ்ட் தடித்த கம்பியை மெதுவாகத் தட்டினார்.

பிள்ளைகளின் கண்கள் ஒரே நேரத்தில் விரிந்தன. ஒருவன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். சாருஜா என்ற சின்னப் பெண் இறங்கி ஓடிப்போய்ச் சுவரில் கை வைத்தாள், பிறகு நிலத்தில் வைத்தாள். அந்த அதிர்வு அங்கெங்கும் இல்லை. திரும்பி வந்து பெட்டியின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிக்கொண்டாள். ஏர்னெஸ்ட் நிறுத்தினால் கையால் பலகையைத் தட்டி, இன்னும் இன்னும் என்று கேட்டாள்.

வினிபிரட் செருப்பைக் கழற்றிவிட்டு அவளருகில் போய் இருந்து, தானும் பலகையில் கை வைத்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் சிறுமியின் முதுகைத் தடவி. "உதுதான் பாட்டு."