கைப்பட்டன் இல்லாத கோட்டு

"சிரிக்கிறியா, கத்துறியா?"

பால்கடைப் பலகையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு டூகல்ட் மக்ஃபெட்ரன் கேட்கிறார். யாரோ சொன்ன வம்புக்கு வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா சட்டென்று நிறுத்தி, அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, "சிரிக்கிறேன் டூகல்ட், சத்தியமா சிரிப்புதான்" என்கிறாள். அதற்குப் பிறகுதான் அவர் பால் பாத்திரத்தை நீட்டுகிறார்.

கிளாஸ்கோ நகரத்துக் கோவன் பேட்டைக்கு இது பழகிவிட்டது. தெருவில் அவர் தலை தெரிந்தாலே, பெரிதாகச் சிரிக்கிறவர்கள் முந்திக்கொண்டு "சிரிப்புதான், சிரிப்புதான்!" என்று கை ஆட்டிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சங்கீதம் பாட இருநூறு வாய் ஒரே நேரத்தில் திறந்தபோது, மனிதர் பக்கத்து ஆளின் விலாவில் இடித்து, "பாட்டுதானே?" என்று கேட்டிருக்கிறார். "நம்ம ஜனங்க பாடுறதைப் பாத்தா சந்தேகம் வர்றது நியாயந்தான்" என்று போதகரே சொன்னதாகக் கேள்வி.

காது போனது பதினெட்டு வயதில். கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் ரிவிட் ஆணி அடிக்கிறவர்களில் காது கேட்கிறவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் தகட்டின் ஓட்டையில் செருகியதும் இரண்டு பேர் எதிரெதிராக நின்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவன் வலக்கைக்காரன், மற்றவன் இடக்கைக்காரன். ஆணி ஆறுவதற்குள் தலை தட்டையாகிவிட வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க இடி வாங்கினால் எந்தக் காதுதான் தாங்கும்? அதனால் பட்டறைக்குள் பேச்சு எல்லாம் விரலும் உதடும்தான். உதட்டைப் பார்த்தே தேநீர் வேளை, மேஸ்திரியின் சண்டை, யார் வீட்டில் பிரசவம், எல்லாம் தெரிந்துவிடும். ஒரே ஒரு குறை. கூச்சலுக்கு உதடு கிடையாது. சந்தோஷத்தில் கத்தினாலும் சாவுக்குக் கத்தினாலும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மரப்பலகை எங்கே கண்டாலும் டூகல்ட் குதிகாலால் மூன்று முறை உதைத்துப் பார்க்காமல் ஏறமாட்டார். உதைத்துவிட்டுக் குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கப்பலைச் சுற்றிக் கட்டியிருக்கும் சாரமோ முழுக்கப் பலகை. ஆகவே காலையில் மற்றவர்கள் நாலு ஆணி அடித்து முடிக்கும்போதுதான் இவர் தன் இடத்துக்குப் போய்ச் சேருவார். "பெருசு மரத்தோட பேசிட்டு வருது, வழி விடுங்கடா" என்று சாரம் கட்டுகிறவர்கள் கேலி பேசுவார்கள். காதில் விழாத கேலி யாரைச் சுடும்?

மூன்றாவது பழக்கம்தான் பெண்களின் வாய்க்கு அவல். டூகல்ட்டின் கோட்டில் வலது கை மணிக்கட்டுப் பட்டன் இல்லை. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டாக இருந்து வேலைக்கோட்டாக இறங்கி வந்த பழுப்புக் கம்பளிக் கோட்டு. கை தொளதொளவென்று ஆடினால் சுத்தியலில் மாட்டும் என்று மேஸ்திரி திட்டித் தீர்த்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு. மணிக்கட்டைச் சுற்றி ஒரு சணல் கயிற்றைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். இத்தனைக்கும் அவர் மனைவி எஃபி ஊசி பிடிப்பதில் கெட்டிக்காரி. அடுத்த வீட்டுக் குழந்தையின் காலுறையில் ஓட்டை கண்டால்கூடக் கழற்றி வாங்கித் தைத்துக் கொடுக்கிறவள். அவள் கண்ணில் ஆறு வருடமாக இந்தக் கை மட்டும் படவில்லை. படவில்லை என்றுதான் டூகல்ட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டாள், நல்லதாகப் போயிற்று என்று.

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ஏப்ரல் சனிக்கிழமையைச் சொன்னால்தான் இந்த மூன்று பழக்கமும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

இங்கிலாந்துக்காரன் கிளாஸ்கோவுக்குக் கால்பந்து ஆட வருகிறான் என்றால் பட்டறையில் ஒரு வாரத்துக்கு வேலை உருப்படாது. எல்லைக்கு அந்தப் பக்கத்தவனை ஒரு கோல் கூடுதலாக அடித்து அனுப்பிவிட்டால் போதும், அடுத்த வருடம்வரை நெஞ்சு நிமிர்ந்திருக்கும். டூகல்ட்டும் மச்சான் லாக்லனும் மதியம் சுத்தியலைக் கீழே வைத்த கையோடு கிளம்பிவிட்டார்கள். லாக்லன் எஃபியின் தம்பி, இருபத்தொன்பது வயது, இடக்கைக்காரன். பதினோரு வருடம் டூகல்ட்டுக்கு எதிரே நின்று அடித்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டு பேர் சுத்தியலும் ஒன்றை ஒன்று இடிக்காது என்று ஊரே சொல்லும்.

இரும்புத் தூண்களின் மேல் பலகை அடித்து, நாற்பது அடி உயரத்துக்கு எழுப்பிய மைதானத்துப் பார்வையாளர் மேடையின் மேல்வரிசையில் இருவரும் நின்றார்கள். முந்தின இரவு நல்ல மழை. மூச்சுவிட இடமில்லாத கூட்டம். நம் ஆள் ஒருவன் பந்தை ஓரக்கோட்டை ஒட்டி உருட்டிக்கொண்டு பறந்தான். மேடையில் நின்ற கூட்டம் முழுக்க அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. டூகல்ட் திரும்பிப் பார்த்தபோது எல்லா வாயும் திறந்திருந்தது. லாக்லனின் வாயும் திறந்திருந்தது. அவன் டூகல்ட்டின் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். டூகல்ட்டுக்கு உள்ளங்கால் வழியாக ஒரு அதிர்வு ஏறியது. கோல் விழுந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். லாக்லனின் பிடியிலிருந்து கையை வெடுக்கென்று உருவி, தொப்பியைக் கழற்றி, ஆகாயத்தில் வீசி, தானும் வாயைத் திறந்து கத்தினார்.

மேலே போன தொப்பியைப் பிடிக்கக் கையை ஏந்தினார். தொப்பி கைக்கு வரவில்லை. பக்கத்தில் லாக்லன் நின்ற இடத்தில் பலகையே இல்லை. தொப்பி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் போவதை அவர் பார்த்தார்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அதோடு முடியவில்லை. கீழே இரும்புத் தூண்களுக்கு நடுவே முட்டி போட்டு, விழுந்து கிடந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக டூகல்ட் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஆமாம், தொடங்கிவிட்டார்கள். உடைந்த மேடையின் ஓரத்திலேயே ஜனம் மறுபடி ஏறி நின்று பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தரை குலுங்கியது. இந்த முறை நிஜமாகவே நம் பக்கத்துக் கோல். முட்டி போட்டிருந்த டூகல்ட் தலையைத் திருப்பி மைதானத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக அவர் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

செத்தவர்கள் இருபதுக்கு மேல். ஆளுக்கு ஒரு கோலோடு முடிந்த அந்த ஆட்டத்தைப் பிறகு கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் அறிவித்தார்கள். ஆட்டத்தை அழித்துவிடலாம், அது அவர்கள் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து எஃபியிடம் டூகல்ட் சொன்னது ஒரே வரி. "கூட்டத்துல பிரிஞ்சுட்டோம். நான் அவன் பக்கத்துல இல்ல." அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தம்பியின் உடம்பைக் கழுவித் துடைத்தாள், அடக்கம் ஆனது, திங்கட்கிழமை அடுப்பு எரிந்தது. இவளிடம் உண்மையைச் சொன்னால் இந்த வீடு நிற்காது, சொல்லாவிட்டால் நான் நிற்கமாட்டேன். ஆறு வருடமாக டூகல்ட் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடியிருந்தார்.

போன சனிக்கிழமை மறுபடியும் இங்கிலாந்துக்காரன் கிளாஸ்கோவுக்கு ஆட வந்தான். மதியச் சங்கு ஊதியதும் பட்டறை வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. இப்போது டூகல்ட்டுக்கு எதிரே நின்று அடிக்கிறவன் மர்டோ. தீவுப்பக்கத்து ஆள், பனைமரம் மாதிரி உயரம், வஞ்சகம் தெரியாதவன்.

"அண்ணே, இன்னைக்கு வர்றீங்க" என்று உதட்டைப் பெரிதாக அசைத்தான்.

"நீ போடா. எனக்கு ஜோலி இருக்கு."

"என்ன ஜோலி? பலகையோட பேசணுமா? அங்கயும் பலகை இருக்குண்ணே, ஆசைதீரப் பேசலாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் மர்டோ அவருடைய வலது கையைச் சணல் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, வாயை முழுக்கத் திறந்து, "ஓ!" என்று கத்தினான்.

டூகல்ட் கேட்கவில்லை, சிரிக்கிறியா கத்துறியா என்று. இடது கையை ஓங்கி அவன் வாயிலேயே அறைந்தார். எறும்பைக்கூட மிதிக்காத மனிதர். மர்டோ உதட்டைத் தொட்டு விரலில் ரத்தத்தைப் பார்த்தான். அவனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"கையா அது, சுத்தியா?" என்றான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அண்ணே, உக்காருங்க. நடுங்குறீங்க" என்றான்.

டூகல்ட் உட்காரவில்லை. ஊரே மைதானத்தின் பக்கம் ஓட, அவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்து, மூன்று மாடிக் கல்படி ஏறி, வீட்டுக் கதவைத் திறந்தார். எஃபி பார்லி போட்ட எலும்புச்சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் அவன் பக்கத்துலதான் நின்னேன்" என்றார், கதவைக்கூடச் சாத்தாமல்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையைப் புடிச்சான் எஃபி. கத்தினான். எனக்குக் கேக்கல. எல்லாரும் வாயத் தொறந்திருந்தாங்க. கோல்னு நெனச்சேன். கையை உருவித் தொப்பியத் தூக்கிப் போட்டேன். உன் தம்பி விழுறப்ப நான் சந்தோஷமா கத்திட்டிருந்தேன்."

எஃபி அலமாரியின் மேல் தட்டிலிருந்து தேயிலை டப்பாவை எடுத்தாள். அதற்குள்ளிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். கொம்பில் செய்த பழுப்புப் பட்டன். அதன் கண்ணில் சிவப்பு நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

டூகல்ட் அதைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தார்.

அவள் அவருக்கு நேராக நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி பேசினாள். "அவன் கையைத் தொறக்க முடியல. ஒவ்வொரு விரலா நிமித்தினேன். உள்ள இது இருந்துச்சு. பழுப்பு நூல் தீந்துபோச்சுன்னு செவப்புல தைச்சது நாந்தானே. எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கே."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. நீயா சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்னு இருந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஆறு வருஷமா நான் நெனச்சிட்டிருந்தது என்ன தெரியுமா? அவன் புடிச்சான், நாமளும் விழுந்துருவோம்னு பயந்து நீ உதறிட்டன்னு நெனச்சேன். உன் உசுரு உனக்குப் பெருசாப் போச்சுன்னு. அப்படி நெனச்சிக்கிட்டேதான் உனக்குச் சோறு போட்டேன் டூகல்ட். பக்கத்துல படுத்தேன்."

டூகல்ட் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். வீடு நிற்காது என்று பயந்தாரே, அந்த வீடு ஆறு வருடமாக எதன்மேல் நின்றது என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. இத்தனை பலகையை உதைத்துப் பார்த்த மனிதர் தன் வீட்டுத் தரையை ஒருநாளும் உதைத்துப் பார்க்கவில்லை.

"கோல்னா நெனச்ச?" என்று எஃபி மறுபடி கேட்டாள்.

"கோல்னுதான் நெனச்சேன்."

அவள் வாய் திறந்தது. தோள்கள் குலுங்கின. "சிரிக்கிறியா..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய டூகல்ட் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவளுக்கே அது இன்னதென்று தெரிந்திருக்காது.

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எஃபி ஊசிப்பெட்டியை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். ஊசியில் சிவப்பு நூலையே கோத்தாள். சணல் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள்.

"கோட்டைக் கழட்டட்டுமா?" என்றார் அவர்.

"வேணாம். கையை நீட்டு."

உடம்பில் இருக்கிற துணியைத் தைக்கக் கூடாது என்று கோவன் பெண்களிடம் ஒரு சாத்திரம் உண்டு. எஃபி அதைப் பொருட்படுத்தவில்லை. இடது கையால் அவருடைய கோட்டுக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பட்டனை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் ஊசி துணியைத் தாண்டி அவர் மணிக்கட்டில் இறங்கியது. இரண்டாவது முறையும் இறங்கியது. டூகல்ட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.